ஒன்பதாவது படகு வரை

மண்ணாங்கட்டிக்கு மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் தை மாதத்தில் போயின. வேறொருவராக இருந்தால் முறுக்கை டீயில் ஊறவைத்துத் தின்று காலம் தள்ளியிருப்பார். மண்ணாங்கட்டி ட்ரம்பெட்காரர். பாலுவின் பேண்டு செட்டில் இருபத்தாறு வருஷமாக அவர்தான் முதல் ட்ரம்பெட். கல்யாண ஊர்வலமோ சாவு ஊர்வலமோ, பாட்டை எடுத்துக் கொடுப்பது அவர்; மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். இத்தனை நாளும் அவர் உதட்டுக்குப் பின்னால் சுவராக நின்றவை அந்த இரண்டு பற்கள்தான்.

புதுப் பல் கட்டிக்கொண்டார். பல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ட்ரம்பெட் முனையில் செருகும் பழைய மவுத்பீஸை வைத்து ஊதினால் உதட்டோரம் காற்று கசிந்தது. மேலே போகப் போகச் சத்தம் உடைந்தது. இரண்டு கல்யாணத்தில் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாலு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"மாமா, கோச்சிக்காத. ஞாயித்துக்கிழமை கே.கே. நகர்ல மாப்பிள்ளை அழைப்பு. அதுக்குள்ள வாயி சரியாச்சின்னா நீதான் முன்னால. இல்லாங்காட்டி ஹஸன் முன்னால நிக்கட்டும், நீ ரெண்டாவது ஊது."

இரண்டாவது ஊதுவதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று மண்ணாங்கட்டியே பலருக்குச் சொல்லியிருக்கிறார். தனக்கென்று வந்தபோது அது தொண்டையில் இறங்கவில்லை.

ராயப்பேட்டையில் வஜீஹாவின் வாத்தியக் கடைக்குப் போனார். அவள் நாலைந்து மவுத்பீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நாலாவதில், அகலமும் தட்டையுமான விளிம்பில், உதடு போய் உட்கார்ந்துகொண்டது. கசிவு நின்றது.

"விளிம்பு உங்க வாய்க்கு. அது முடிஞ்சுது மாமா. இனிமே சத்தம். அது இதுல இருக்கு" என்று மவுத்பீஸைத் திருகி இரண்டாகக் கழற்றினாள். முன்னால் கிண்ணம், பின்னால் ட்ரம்பெட்டுக்குள் செருகும் தண்டு. தண்டுக்குள் ஓடும் துளைக்குத்தான் பேக்போர் என்று பெயர். இரண்டு தண்டுகளை மேஜைமேல் வைத்தாள். ஒன்றில் துளை இறுக்கம், மற்றதில் போகப் போக அகலம்.

மண்ணாங்கட்டி இரண்டையும் மாற்றி மாற்றி ஊதினார். இறுக்கமானது மூச்சை முட்டித் தள்ளச் சொன்னது. அகலமானதில் காற்று வழுக்கிக்கொண்டு போயிற்று. சத்தம் வெல்லப்பாகு மாதிரி வந்தது.

"இதுதான்" என்றார்.

"இங்க ஊதி முடிவு பண்ணாதீங்க. இந்தக் கடைக்குள்ள தகர டப்பாவத் தட்டுனாக்கூட நல்லாத்தான் இருக்கும். ட்ரம்பெட்டுக்குப் பின்னாடி நிக்கறவருக்கு அதோட சத்தம் தெரியாது மாமா. யாராச்சும் எதிர்ல, தள்ளி நின்னு கேக்கணும். ரெண்டையும் எடுத்துக்கினு போங்க, சனிக்கிழமை ஒண்ணத் திருப்பிக் குடுங்க. ஊட்ல ஆளு இருப்பாங்க இல்ல?"

"இருப்பாங்க" என்றார் மண்ணாங்கட்டி.

வீடு என்பது ராயப்பேட்டையில் மூன்றாம் மாடியில் ஓர் அறை. அதில் இருப்பது ஒரு பாய், ஒரு ஸ்டவ், ட்ரம்பெட் பெட்டி. கேட்கும் ஆள் இருந்தது ஆற்றோரக் குடிசையில் இருந்த காலத்தில். அந்த ஆள் அவர் மனைவி சுலோச்சனா. ட்ரம்பெட்டுக்கு எண்ணெய் போட்டாலும், வால்வு மாற்றினாலும், அவர் தெருமுனையில் நின்று ஊத, அவள் எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டே நடப்பாள். பாட்டு காதை விட்டுப் போகிற இடத்தில் கையைத் தூக்குவாள். "அஞ்சு கம்பந்தான். இன்னாத்துக்கு இந்த ஊத்து? போய்ப் படு" என்பாள். ஏழு வந்தால் எதுவும் சொல்லாமல் உலை வைக்கப் போய்விடுவாள். அரசாங்கம் குடிசைகளை எடுத்தபோது ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அவளும் மகள் கயலும் பேரக்குழந்தையும் அங்கே. ஊர்வலங்களெல்லாம் இங்கே, காலை ஏழு மணிக்கு ஆள் நிற்க வேண்டும். அதனால் அவர் இங்கே. வாரம் ஒருமுறை போய் வந்தது மாதம் ஒருமுறை ஆகியிருந்தது.

போனை ஜன்னலில் நிறுத்திவைத்து அவளுக்கே ஊதிக் காட்டினார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. கேக்கறது உன் சத்தமா, போனோட சத்தமா, யாருக்குத் தெரியும்?"

"ஒரு நாளு வந்துட்டுத்தான் போயேன்மே."

"வந்துட்டு? கயலு காலைல வேலைக்குப் போனா ராத்திரிதான் வரா. புள்ளைய யாரு பாத்துக்குவா, லிப்டா?"

கீழ்வீட்டு நிஷாவை மொட்டைமாடியின் அந்தக் கோடியில் நிற்கவைத்துப் பார்த்தார். "சூப்பர் மாமா" என்றாள். தண்டை மாற்றி வாயில் வைப்பதற்குள், "இதுவும் சூப்பர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நல்ல பெண். நல்லவர்களை வைத்துக்கொண்டு இந்த வேலை ஆகாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் பஸ் ஏறினார். ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு அங்கே ஊதியிருக்கிறார். படகுகள் மணலில் விளக்குக் கம்பங்கள் மாதிரி வரிசையாக நிற்கும், அலை இரைச்சல் தெரு இரைச்சலுக்குச் சமம் என்பது நினைவிருந்தது. முதல் படகின் நிழலில் ஒரு அம்மாள் மீன் வைத்து உட்கார்ந்திருந்தாள். சரோஜாதேவி என்று பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள்.

விஷயத்தைச் சொன்னார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் நடந்து போய்க்கினு பாட்டு கேக்கணும். மீன யாரு பாப்பா, உங்க பாட்டனா?"

"நான் பாத்துக்கறேம்மா."

"ஊதுவியா, மீனு பாப்பியா?" என்றாள். ஆனால் காலையிலிருந்து மடங்கிக் கிடந்த முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "காக்கா வரும். சொல்லிட்டேன்."

முதலில் அகலமான தண்டு. எப்போதும் ஊதும் கல்யாண மெட்டை எடுத்தார். சரோஜாதேவி படகு படகாகக் கடந்து போனாள். ஒன்பதாவது படகில் நின்று, பிறகு ஆறாவதுக்குத் திரும்பி வந்து, ஏதோ யோசித்து, மறுபடி நடந்தாள். இரண்டாவது முறை இறுக்கமானது. வயிற்றைப் பிடித்துத் தள்ளினார். புதுப் பல்லுக்கு மேல் ஈறு விண்ணென்று தெறித்தது. தூரத்தில் சரோஜாதேவியின் நீலப்புடவை ஒன்பதாவது படகைத் தாண்டி நின்று கையைத் தூக்கியது. அந்த நேரத்தில் ஒரு காகம் கிழங்கா மீன் ஒன்றைக் கவ்விக்கொண்டு போயிற்று.

அவள் வந்ததும் மீனைத்தான் முதலில் எண்ணினாள். "ஒண்ணு பூட்ச்சு. நீ எல்லாம் ஒரு காவலு!"

"மன்னிச்சிக்கமா. எது நல்லாருந்துச்சு?"

"நல்லாருக்கறது எனக்கு இன்னா தெரியும்? மொதல்ல ஊதுனியே, அதுல சத்தம் ஒம்போது படகு வந்துச்சு, பாட்டு ஆறாவது படகுலயே வுட்டுப்போச்சு. அப்பால வந்தது வெறும் ஊய்ங். குடிச்சவன் தானா பேசிக்கினு போற மாதிரி. ரெண்டாவது அப்டி இல்ல. யாரயோ பேர் சொல்லிக் கூப்ட்ட மாதிரி இருந்துச்சு. நான் திரும்பிக்கூடப் பாத்தேன்."

மண்ணாங்கட்டி கையிலிருந்த இரண்டு தண்டுகளையும் பார்த்தார். அறைக்குள் இத்தனை நாளும் அவருக்கு இனித்துக்கொண்டிருந்தது அகலமானதுதான். அதுவாக இருக்கவேண்டும் என்றுதான் பஸ் ஏறியிருந்தார்.

காகத்தின் பங்குக்கும் சேர்த்து அரைக்கிலோ கிழங்கா வாங்கிக்கொண்டார். ஒருவருக்கு அது இரண்டு நாளைக்கு வரும்.

சனிக்கிழமை அகலமான தண்டை வஜீஹாவிடம் கொடுத்தார். "இதத்தான புடிச்சிருக்குன்னீங்க?" என்றாள்.

"அது ரூமுக்கு நல்லா கீதும்மா. எனக்குத் தெருவுலதான் வேலை."

ஞாயிறு மாலை கே.கே. நகரில் ஊர்வலம் கிளம்பியது. குதிரை வண்டிக்கு முன்னால் வெகு தூரத்தில் பாலு ஆட்டோக்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். மண்ணாங்கட்டி பாட்டை எடுத்தார். இரண்டாம் அடியில் மேலே போகும் இடத்தில் ஈறு எரிந்தது, சத்தம் உடையவில்லை. பாலு திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி ஆட்டினார். ஹஸன் ஒரு அடி பின்வாங்கி இரண்டாவது ட்ரம்பெட்டின் பங்கைப் பிடித்துக்கொண்டான்.

ஏழரைக்கு எல்லாம் முடிந்தது. பஸ் ஸ்டாப்பில் நின்று சுலோச்சனாவுக்குப் போன் போட்டார்.

"முன்னாலதான் நின்னேன்."

"எத்தினி கம்பம்?"

"கம்பம் இல்ல, ஒம்போது படகு."

"படகா? யாரு நடந்து பாத்தது?"

"குப்பத்துல ஒரு மீன்காரம்மா."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"நின்னு கேட்டுட்டு எண்ணுனாளா, நடந்துக்கினே எண்ணுனாளா? நடந்துக்கினே எண்ணுனா ஒண்ணு ரெண்டு கூடத்தான் வரும்."

அவர் பதில் சொல்வதற்குள் குழந்தை வீறிட்டது. "இரு, அப்பால பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

பெரும்பாக்கம் போர்டு போட்ட பஸ் ஒன்று வந்து நின்றது. உள்ளே உட்கார இடம் இருந்தது. மண்ணாங்கட்டி பெட்டியைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு அது போகும்வரை பார்த்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மந்தைவெளியில் ஒரு சாவு. முதல் ட்ரம்பெட் வராமல் ஊர்வலம் கிளம்பாது.