வடக்குச் சுவர் உடைந்த வீடு

அமெரிக்காவில் எங்கள் நவஹோ பழங்குடி நிலத்தில் தெருவும் கிடையாது, கதவு எண்ணும் கிடையாது. வாக்காளர் பட்டியலில் சேர, வீட்டுக்கு வழி வரைந்து கொடுத்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள். ஆர்டித் எட்சிட்டி அக்காவை விட்டால் அந்த வேலைக்கு ஆள் கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவள். காற்றாலை, ஆட்டுப்பட்டி, செம்பாறை என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். "ஓட்டுப் போடாட்டி, ரோடு சரியில்லன்னு எங்கிட்ட வந்து அழக் கூடாது" என்று மிரட்டியே பாதிப் பேரைச் சேர்த்துவிட்டாள். வண்டி ஓட்டியது நான்.

வடக்குச் சுவர் உடைந்த ஒரு வீட்டை மட்டும் அவள் வரைந்ததில்லை. எங்களில் ஒருவர் வீட்டுக்குள் இறந்தால் வடக்குச் சுவரை உடைத்து உடலை எடுப்போம். பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம். இறந்தவர் பேரையும் சொல்ல மாட்டோம், சொன்னால் வந்துவிடுவார்கள்.

அன்று அந்த வீட்டிலிருந்து புகை வந்தது.

"நான் நிறுத்த மாட்டேன்க்கா."

"நிறுத்துடி."

சுவர் ஓட்டை வழியாக ஒரு கிழவர் வெளியே வந்தார். ஹார்லன் யெல்லோஹேர். மனைவி அங்கே இறந்தபிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அவரும் போய்விட்டார் என்று நாங்களே முடிவுகட்டியிருந்தோம்.

"செத்துட்டேன்னு எவனோ சொல்லி, பட்டியல்லருந்து அடிச்சுட்டாங்க" என்று சிரித்தார்.

"மக வீட்டுக்குப் போயிருக்கலாமே, பெரியப்பா?" என்றாள் அக்கா.

"இவளத் தனியா விட்டுட்டா?"

ஓட்டை வழியே உள்ளே தெரிந்தது: அடுப்போரம் இரண்டு கோப்பைக் காப்பி. இரண்டிலும் ஆவி பறந்தது. ஒன்றை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "அவளோடது. இன்னிக்கு நீ குடி."

குடித்தாள். நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

"அவ பேர நீங்க சொல்ல மாட்டீங்க. சரி, அது முறை. எம்பேரையுமா சொல்ல மாட்டீங்க?"

அக்கா வழியை வரைந்தாள். கோடு கோணலாக விழுந்தது. செத்தவள் கோப்பையில் குடித்தவள் என்று, அதன்பிறகு பல வாரம் அவள் பெற்ற பிள்ளைகளே அவளோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை.

தேர்தலன்று அவர் வரிசையில் வந்து நின்றார். முன்னும் பின்னும் இருந்தவர்கள் விலகிப்போனார்கள். வாக்காளர் பேரை உரக்கப் படிப்பது எங்கள் சாவடி வழக்கம். மேசையிலிருந்த பெண் பட்டியலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். கிழவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

பின்னாலிருந்து அக்காவின் பேருந்துக் குரல் கேட்டது. "ஹார்லன் யெல்லோஹேர்!"

கிழவர் பள்ளிப் பிள்ளைபோலக் கையைத் தூக்கினார்.

"இருக்கேன்" என்றார். யாரும் மறுபடி கேட்கவில்லை. அவராகவே இன்னொரு தரம் சொன்னார், "இருக்கேன்."