இருநூற்றுப் பதினாலாவது வரி

அன்றிரவு அந்தக் கட்டடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்.

மாடியில் நான், அருள்முருகன். முதுகுளத்தூர்ப் பக்கம். இன்ஜினியரிங்கை மூன்றாம் ஆண்டில் விட்டவன். பகலில் நாலு பேர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் இரவு வேலைக்கு வந்தவன்.

பக்கத்து மேசையில் தவ்ஃபீக் அண்ணன். எங்கள் ஆபீஸின் மென்பொருள் முழுவதையும் எழுதியவர்.

கீழ்வீட்டில் மீரா சாகிபு பாய். முதலாளி. பதினொன்றரைக்கே தூங்கிவிட்டார். அவர் குறட்டை மாடிப்படி வரை கேட்கும். அன்றும் கேட்டது.

வேறு யாரும் இல்லை. வெளிக்கேட்டைப் பூட்டியவன் நான். சாவி என் பாக்கெட்டில் இருந்தது.

இது நடந்தது. 2025 பிப்ரவரி 11, செவ்வாய் இரவு; சரியாகச் சொன்னால் புதன் அதிகாலை. ராமேஸ்வரம் தீவில், அக்காள்மடத்தில், மெயின் ரோட்டை ஒட்டிய வீடு. கதை கட்டத் தெரிந்திருந்தால் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன். நேரமெல்லாம் மெயிலில் பதிவானது. சத்தங்களை மட்டும் என் காதை நம்பி எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரே வாடிக்கையாளர். துபாயில் ஒரு கப்பல் கம்பெனி. எந்த மாலுமி எந்தக் கப்பலில் ஏறினான், எங்கே இறங்கினான் என்று காட்டும் மென்பொருளை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தோம். ஜனவரியில் அவர்கள் புதிதாக ஒரு நிபந்தனை போட்டார்கள். நாங்கள் எழுதிய புரோகிராம் கோடு மொத்தத்தையும் கிளவுடில் இருக்கும் ஒரு பாதுகாப்புச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். அங்கே மனிதர் கிடையாது. பட்டனை அழுத்தி ஸ்கேன் வேண்டும் என்று கேட்டால், மெஷின் வரி வரியாகப் படிக்கும். திருடன் நுழைய எங்கே ஓட்டை என்று தேடும். இருபத்தைந்து, முப்பது நிமிடத்தில் மெயிலுக்கு ரிப்போர்ட் வரும். அதில் குறை பூஜ்யம் என்று இருக்க வேண்டும். புதன் காலை ஒன்பதரை கடைசிக் கெடு. தவறினால் ஒப்பந்தம் ரத்து. ஆபீஸும் அதோடு சரி.

தவ்ஃபீக் அண்ணன் அதை மூன்று வாரம் தள்ளிப் போட்டார். நெட் சரியில்லை என்றார். காய்ச்சல் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. செவ்வாய் சாயங்காலம் பாய் மாடியேறி வந்தார். அண்ணனைத் திட்ட மனசு வராமல் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே அருளு, மெஷின் பாஸ் போடலன்னா இந்த ரூமை எறா கம்பெனிக்கு விட்ருவேன். நீ இங்கனயே உக்காந்து உரிச்சுக்கிட்டு இரு."

அந்த அறையின் கதவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல்பாதி மங்கலான கண்ணாடி. கீழ்பாதி மரம். உள்பக்கம் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே, முழங்கால் உயரத்தில், ஒரு தாழ்ப்பாள். கீழே இருப்பதை யாரும் போடுவதில்லை. துருவேறி இறுகிக் கிடந்தது.

முன்பு ஒரு ஆள் அதைப் போடுவாளாம். தவ்ஃபீக் அண்ணனின் மகள் மின்ஹா. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மாடிக்கு வருவாள். வந்ததும் கீழ்த் தாழ்ப்பாளைத் தள்ளிவிடுவாள். அவளுக்கு எட்டியது அதுதான். வாப்பாவை யாரும் வந்து கூப்பிடக் கூடாதாம். முதலாளி வெளியே நின்று தட்டிக் கெஞ்சினால்தான் திறப்பாள். இதெல்லாம் நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய கதை. பாய் சொல்லிக் கேட்டது.

2023 நவம்பரில் மூன்று நாள் காய்ச்சல். மவுத்தாகிவிட்டாள். ஆறு வயது. நான் அவளைப் பார்த்ததே இல்லை.

இரவு 1:10. முதல் ஸ்கேனைக் கேட்டேன். பட்டனை என்னைத்தான் அழுத்தச் சொன்னார் அண்ணன்.

1:38. ரிப்போர்ட் வந்தது. ஒரே ஒரு குறை. கோடுக்குள்ளேயே யாரோ கடவுச்சொல்லை எழுதி வைத்திருக்கிறார்கள். 214-ஆம் வரி. ரிப்போர்ட் அதை முழுதாகக் காட்டாது. முதலில் எம் என்ற ஆங்கில எழுத்து, நடுவில் நான்கு நட்சத்திரம், கடைசியில் 6.

வரியைத் திறந்து பார்த்தேன். எம், என், ஐ, எச், ஏ. அப்புறம் 6. வாயில் நுழையவில்லை. இது என்ன வார்த்தை என்று கேட்டேன்.

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை.

"மின்ஹா. ஐ-யும் என்-னும் எடம் மாறிப் போச்சு அவளுக்கு."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒருநாள் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரு விரலால் தேடித் தேடி முதல்முறையாகத் தன் பெயரை அடித்திருக்கிறாள். பக்கத்திலேயே வயதையும். இவர் சிரித்துவிட்டு அதையே கடவுச்சொல்லாக வைத்திருக்கிறார். தப்பாக எழுதிய பெயரை எந்தத் திருடனாலும் ஊகிக்க முடியாது என்று அவளிடமே சொன்னாராம். அவள் போன பிறகு அவளுடைய உடுப்பு, பை, நோட்டு எல்லாவற்றையும் அவர் மனைவி ருக்ஸானா அக்கா சொந்தக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். வைத்துப் பார்க்க முடியவில்லை. போட்டோ இருக்கிறது. ஆனால் போட்டோ இவர் எடுத்தது. அவளே செய்தது என்று மிச்சமிருப்பது அந்த ஒரு வரி.

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. மணியைச் சொன்னேன்.

"எடுத்துரு," என்றார். "என்னால முடியாது. நீ எடு."

எடுத்தேன். பழைய பிரதிகளிலிருந்தும் துடைத்தேன். மெஷின் அவற்றையும் படிக்கும். 1:52-க்கு எங்கேயும் அது இல்லை. அண்ணன் எழுந்து மொட்டைமாடிக் குழாயில் முகம் கழுவப் போனார். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது.

2:05. இரண்டாவது ஸ்கேனைக் கேட்டேன்.

2:14. டக்.

கீபோர்டு சத்தம். என் கையில் டீ டம்ளர் இருந்தது. அண்ணன் இன்னும் வெளியே. குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அறையில் மூன்றாவதாக ஒரு மேசை உண்டு. யாரும் உட்காருவதில்லை. அதில் ஒரு பழைய கீபோர்டு மட்டும் கிடந்தது. அதன் வயர் எதிலும் சொருகாமல் தொங்கியது. பல்லி ஓடியிருக்கும் என்று நினைத்தேன்.

நாற்காலியைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி. சாயங்காலம் அறையைக் கூட்டுவதற்காக அதை நகர்த்தி, திரும்ப மேசைக்கு அடியில் தள்ளியவன் நான். இப்போது மேசைக்கு வெளியே நின்றது. உயரத்தை முழுக்க ஏற்றியிருந்தது. அந்த உயரத்தில் பெரியவர் யாரும் உட்கார மாட்டார்கள். கால் தொங்கும்.

விசையை இழுத்து இருக்கையை அழுத்தினேன். உஸ்ஸ்... என்று இறங்கியது. அதற்குள் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார்.

2:33. ரிப்போர்ட். ஒரு குறை.

கடவுச்சொல். வேறு ஒரு ஃபைல். அன்று சாயங்காலம் நானே புதிதாக எழுதிய ஃபைல். திறந்தேன். எம், என், ஐ, எச், ஏ. அதே தப்பு.

கடைசியில் 6 இல்லை. 7.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. முகம் கழுவப் போவதுபோலப் போய், மொபைலில் இருந்து இதைத் திரும்பச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்தேன். வேலை போனால் நம் எல்லோருக்கும்தான் போகும் என்று கத்தினேன். அவர் மொபைல் என் மேசையிலேயே சார்ஜில் கிடந்தது. அதை அவர் சுட்டிக்காட்டியபோதுதான் பார்த்தேன்.

"நான் தொடல, அருளு."

அதையும் எடுத்தேன்.

2:40. மூன்றாவது ஸ்கேன்.

இம்முறை அண்ணன் தன் லேப்டாப்பை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டு பேரும் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டோம். ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கீழே பாயின் குறட்டை நின்றிருந்தது.

2:41.

உஸ்ஸ்...

மூன்றாவது நாற்காலி மெதுவாக மேலே ஏறியது.

டக்.

பிறகு ஒன்றும் இல்லை. ரொம்ப நேரம். யாரோ ஓர் எழுத்தைத் தேடுவதுபோல...

டக்.

டக்... டக்... டக்.

டக்.

ஆறு. எண்ணினேன்.

2:44. ரிப்போர்ட்.

நான்கே நிமிடம். அந்த மெஷின் இருபத்தைந்து நிமிடத்துக்குள் ஒருநாளும் முடித்ததில்லை.

ஒரு குறை. முதல் வரி. எம். நான்கு நட்சத்திரம். 8.

எனக்குத் திறக்கத் தைரியம் இல்லை. அண்ணன்தான் கையை நீட்டித் திறந்தார்.

எம். ஐ. என். எச். ஏ. 8.

அவர் அழவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிள்ளையின் நோட்டைப் பார்ப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார்.

"சரியாப் போட்டிருக்கா," என்றார்.

விரலைத் திரையிலிருந்து எடுத்தார்.

"நான் சொல்லிக் குடுக்கலியே. யாரு சொல்லிக் குடுத்தா?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அன்று நான் பார்த்ததிலேயே பயங்கரமானது எது என்று கேட்டால், நாற்காலி ஏறியதைச் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வியின்போது அவர் முகம் இருந்த விதத்தைச் சொல்வேன். தான் இல்லாத இடத்தில் தன் பிள்ளை வளர்வதைப் பார்த்த முகம் அது.

என்னைக் கீழே போகச் சொன்னார். போனேன். கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தேன். மேலே அவர் பேசும் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. என்ன பேசினார் என்று காது கொடுக்கவில்லை. பள்ளிவாசலில் விடியற்காலைச் சுபுஹு பாங்கு சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் என் மொபைலுக்கு ரிப்போர்ட் வந்தது. 5:29. குறை பூஜ்யம்.

ஒப்பந்தம் தப்பித்தது. மெஷின் பாஸ் போட்டதற்காகப் பாய் வியாழக்கிழமை நெய்ச்சோறு போட்டார். எறா உரிக்கிற வேலை உனக்குக் குடுத்து வைக்கல என்று என்னைக் கிண்டல் செய்தார். அண்ணனும் சாப்பிட்டார். கை கழுவும் இடத்தில் அவரிடம் கேட்டேன்.

"கடைசியா வந்ததை எடுத்தீங்களாண்ணே?"

"எடுக்கல. வாப்பா பாத்துட்டேம்மா, போதும்னு சொன்னேன். அதுக்கப்புறம் ஸ்கேன் கேட்டேன். இல்ல."

நான் கோடின் மாற்றப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அதில் யார் எந்த வரியை எப்போது சேர்த்தார், எடுத்தார் என்று நொடி வரை இருக்கும். அந்த இரவுக்கு ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. 1:52. நான் 214-ஆம் வரியை எடுத்தது. 7-ஐயும் 8-ஐயும் யாரும் சேர்க்கவில்லை. 7-ஐ நான் என் கையால் எடுத்ததும் அதில் இல்லை.

சோதனை நடத்தும் கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். வெள்ளிக்கிழமை பதில் வந்தது. உங்கள் கணக்கிலிருந்து அன்றிரவு இரண்டு ஸ்கேன்கள் மட்டுமே கேட்கப்பட்டன: 1:10, 5:02. இடையில் எதுவும் இல்லை. நீங்கள் சொல்லும் 2:33, 2:44 ரிப்போர்ட்களை நாங்கள் அனுப்பவில்லை.

இரண்டும் என் மெயிலில் இன்னும் இருக்கின்றன.

அன்று சாயங்காலம் ருக்ஸானா அக்கா பாய் வீட்டுக்கு வந்திருந்தார். மின்ஹா ஆறு வயதில்தானே போனாள் என்று பேச்சுக்குக் கேட்டேன். ஆமாம் என்றார். பிறகு யாரும் கேட்காமலே விரல் விட்டு எண்ணினார்.

"இருந்திருந்தா இந்தப் புதன்கெழமையோட எட்டு முடிஞ்சிருக்கும் தம்பி. பன்னெண்டாம் தேதி."

சனிக்கிழமை வேலையை விட்டேன். மாடிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க ஏழு மணிக்குப் போனேன். அண்ணன் அப்போதுதான் வந்தார். இனி இரவு வேலையைத் தான் ஒருவரே பார்த்துக்கொள்வதாகப் பாயிடம் கேட்டு வாங்கியிருந்தார். ஒரு கையில் லேப்டாப் பை. இன்னொரு கையில் டிபன் கேரியர். வழக்கத்தைவிடப் பெரிய கேரியர். திறந்த கதவு வழியாக மூன்றாவது மேசை தெரிந்தது. நாற்காலி முழு உயரத்தில் நின்றது. வயரை யாரோ சொருகியிருந்தார்கள்.

சாவியை அவர் பையின் ஓரத்தில் போட்டேன்.

"வேற எங்கனயாச்சும் நல்லா இரு," என்றார். "போறப்ப கேட்டைச் சாத்திட்டுப் போ."

உள்ளே போனார். முதுகால் தள்ளிக் கதவைச் சாத்தினார். நான் படியில் இறங்காமல் நின்றேன். கண்ணாடியில் அவர் நிழல் தெரிந்தது. சுமையை மார்புவரை தூக்கிப் பிடித்து நேராக நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் பை. ஒரு கையில் கேரியர். இரண்டையும் கீழே வைக்கவில்லை. குனியவும் இல்லை.

துருவேறிய இரும்பு கிறீச்சிட்டது.

கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது.