ஒரு மணிச் சாப்பாடு

என் மாமனாருக்குத் தன் தட்டில் தானே சோறு போட்டுக்கொள்ளத் தெரியாது. கை காலுக்கு ஒரு குறையும் இல்லை. முப்பது வருஷம் தாலுகா ஆபீஸில் எல்லோரையும் விரட்டி வேலை வாங்கியவர். அத்தை இருந்தவரை பக்கத்தில் நின்று பரிமாறினாள். அவள் செத்து, மனுஷன் பாளையங்கோட்டைக்கு எங்களோடு வந்தபோது, இனி அந்த வேலை யார் தலையில் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் உத்தியோகம், ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி.

நான் டீச்சர். காலையில் சமைத்து மேஜைமேல் மூடிவைத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்தால் மூடினது மூடினபடி இருக்கும். கேட்டால், "பசிக்கல." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் ஒரு மணி ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்வார். அதில் ஆபீஸ் ஒழுங்கு. போட்டுவிட்டு, யாராவது வந்து பரிமாறட்டும் என்று வெறும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அப்படியே மயங்கிச் சரிந்தார்.

சாப்பிடாமல் மாத்திரை போடக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்த நாத்தனார், "எங்கப்பாவப் பட்டினி போட்டுட்டியே," என்றாள். அவள் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். "அப்ப நீங்க தெனமும் வந்து பரிமாறுங்க," என்றேன். கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மறுநாளிலிருந்து தட்டிலேயே போட்டு மூடிவைத்தேன். அதையும் தொடவில்லை. "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று கத்தினேன்.

"ஒத்தையில இருந்து தின்னா எறங்க மாட்டேங்கு," என்றார், சுவரைப் பார்த்து.

பிறகென்ன, மத்தியான இடைவேளையில் வெயிலில் ஓடி வந்து, அவருக்குப் போட்டு, எதிரே உட்கார்ந்து நானும் தின்றேன். பேசமாட்டேன். குழம்பில் உப்புக் கூடுதல் என்பார், முறைப்பேன். ஆனால் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சில மாதத்தில் உடம்பு தேறி, வாய்க்கால் வரைக்கும் நடக்கப் போனார்.

ஒருநாள் பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன். மத்தியானம் வரமாட்டேன் என்று காலையில் சொல்ல மறந்துபோனேன். சாயந்திரம் வந்தால், மேஜையில் தலை கவிழ்ந்து கிடந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது. மாத்திரை போட்டிருந்தார். அவர் தட்டு சோறே படாமல் காய்ந்து கிடந்தது. எதிரே என் தட்டில் சோறு, குழம்பு, ஓரத்தில் கூட்டு. ஈ விழாமல் மேலே இன்னொரு தட்டு.

எழவுக்கு வந்தவர்கள் அழுதார்கள். நான் பிணத்தைப் பார்த்துக் கத்தினேன்: "எனக்குப் போடத் தெரிஞ்சிதுல்லா? உங்க தட்டுல ரெண்டு கரண்டி போட்டுக்கிட என்ன கேடு?"