வெள்ளை நாற்காலியில் பழுப்புத் தூள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ஆபீஸ் போனுக்கு ஓய்வே கிடையாது. "எங்க வீட்டு மரம் காத்துக்குத் தாங்குமா?" என்று ஜோசியம் கேட்பதுபோலக் கேட்பார்கள். மரத்தை அழுகவைக்கும் காளான்களை ஆராயும் பிரிவில் டெக்னீசியனாக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரே ஒரு மரத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கருவடிக்குப்பத்தில் ஒரு சொல்தா வீட்டு மரம் அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவரை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். காம்பவுண்டுக்குள் நின்ற தூங்குமூஞ்சி மரம், அவர் வீடு, அடுத்த வீடு, பாதித் தெரு எல்லாவற்றுக்கும் நிழல் கொடுத்தது. அடுத்த வீட்டில் குழந்தைகள் காப்பகம். உச்சியில் இருந்த பொந்தைப் பார்த்துப் பயந்து, மரத்தை வெட்ட வேண்டும் என்று காப்பகத்தார் புகார் சொல்லியிருந்தார்கள். நிற்கலாமா, கூடாதா என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

சொல்தா ஐயா கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"வெட்டுறதுன்னா இப்பவே சொல்லிடுங்க, கேட்டைச் சாத்திக்கிறேன்."

"பாக்கத்தான் வந்திருக்கேன் ஐயா."

"அப்ப உள்ள வாங்க. தெனம் மத்தியானம் இதுங்கீழதான் தூங்குறேன். பட்டாளத்துல எத்தினியோ ஊரு பாத்தேன். இப்பிடித் தூக்கம் எங்கியும் வரல."

மரத்தடியில் ஒரு சாய்வு நாற்காலியும் வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகளும் கிடந்தன. அந்த நிழலில் நின்றதும் எனக்கே கண் சொருகியது.

மலையிலிருந்து கடல்வரை

நிழலில் நின்றால் எனக்கு மேற்குமலைக் காடு நினைவுக்கு வந்துவிடும். வேலையின் முதல் வருடங்கள் அங்கேதான் போயின. மழைக்காட்டுக் காளான்கள் பெரும்பாலும் மெல்லியவை. விழுந்த கட்டைமேல் அப்பளம் அப்பளமாக அடுக்கியிருக்கும், வெயில் நாலு நாள் அடித்தால் சுருண்டுவிடும். மலையிறங்கிக் கிழக்கே வர வர அவையும் மாறும். வறண்ட காட்டில் குதிரைக் குளம்புபோல, கட்டைக்கே கட்டையாக, வருடத்துக்கு ஒரு வரி கூட்டிக்கொண்டு மரத்தோடு ஒட்டிக் கிடக்கும். கடலோரத்துக் கோயில்காடுகளிலும் அந்தக் கெட்டி ரகம்தான். ஊருக்குள் வந்துவிட்டால், வார்னிஷ் அடித்தாற்போல் மினுக்கும் செங்காளான். நாங்கள் செல்லமாக 'கானோ' என்போம். வேர் அறுபட்ட மரம் அதற்கு விருந்து. குழாய் பதிக்கவும் சாக்கடை தோண்டவும் வேரை அறுக்காத தெரு எங்கள் ஊரில் எங்கே இருக்கிறது?

மலைமேல் படுத்திருக்கும் ஏதோ ஒன்று கடல்வரை காலை நீட்டி உறங்குகிறது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ரிப்போர்ட்டில் இப்படியெல்லாம் எழுத விடமாட்டார்கள்.

மேலே பாஸ்

ஏணி போட்டு ஏறி, பொந்தைச் சுற்றி மரச்சுத்தியால் தட்டினேன். எல்லாப் பக்கமும் கெட்டிச் சத்தம். நடுத்தண்டை மட்டும் தின்கிற காளான் மரத்தைக் குழாயாக்கிவிடும். சுற்றுக்கட்டை தடிமனாக இருந்தால் அந்தக் குழாய் நிற்கும். உள்ளேயிருந்து ஒரு கிளி என்னை முறைத்துவிட்டுப் பறந்தது.

"வாடக குடுக்கலன்னு காலி பண்ணச் சொல்றீங்களா அத?" என்று கீழேயிருந்து கேட்டார் சொல்தா ஐயா.

"இருந்துட்டுப் போவட்டும் ஐயா. பொந்தால பயமில்ல."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "ரோசாலி! மரம் பாஸாயிடுச்சி, காப்பி கொண்டா!" என்று வீடு அதிரக் கூப்பிட்டார்.

அவர் மனைவி ரோசாலி அம்மா காப்பியோடு வந்தார். நான் உட்காரப்போன நாற்காலியைக் கண்டதும் துணியைத் தேடினார்.

"இரும்மா, தொடச்சுட்டுத் தரேன். காலைலதான் தொடச்சேன், அதுக்குள்ள பாரு, கொக்கோ பவுடர் கொட்டுன மாரி. இந்த செல்வி சரியாப் பெருக்குறதே இல்ல."

"ரெண்டு வாட்டி பெருக்குறேம்மா" என்றாள், வீட்டு வேலை பார்க்கும் செல்வி.

விரலால் தொட்டேன். மண் என்றால் நறநறக்கும். இது மாவாக ஒட்டியது. கானோவின் வித்துத்தூள் அது. இவ்வளவு தூள் கொட்டுகிறதென்றால் காளான் இங்கேயேதான் இருக்கிறது.

கீழே

மரத்தடியைச் சுற்றி குரோட்டன்ஸ் தொட்டிகள் நெருக்கமாக வைக்கப்பட்டிருந்தன. ஒன்றை நகர்த்தப் போனேன். செல்வி ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"அங்க வாணாம் மேடம்."

"ஏம்மா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "நாகாத்தா படமெடுத்து நிக்குது. மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க வீடு, பாத்தா எடுத்துடச் சொல்லுவாங்கன்னு தொட்டிய வெச்சி மறச்சேன். எம் பொண்ணுக்குப் புள்ள நிக்கணும்னு வேண்டிக்கினேன். நின்னுடுச்சி மேடம்."

தொட்டிக்குப் பின்னால் செங்காளான்கள் வரிசையாகப் படம் விரித்திருந்தன. மஞ்சள், குங்குமம், வாடிய மல்லி. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். பக்கத்தில் வேர் இருக்க வேண்டிய இடத்தில் இரும்புக் கம்பியை ஊன்றினேன். நனைந்த ரொட்டிக்குள் போவதுபோல இறங்கியது. சுற்றி வந்து ஊன்றினேன். வீட்டுப்பக்கம் தவிர எங்கும் வேர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மேலே இலையெல்லாம் பச்சை.

"ஐயா, இது நிக்காது."

"இப்பதான் பாஸ்னீங்க?"

"மேல பாஸ். கீழ வேரு போயிடுச்சி. புயல் வேணாம், ஒரு பெரிய காத்து போதும்."

"நோன்" என்றார். 'முடியாது' என்பதைப் பிரெஞ்சில் ஒரே சொல்லோடு முடித்துக்கொண்டார். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

கேட்டைச் சாத்தப் போனவர் திரும்பி வந்து, "எந்தப் பக்கம் சாயும்?" என்று கேட்டார்.

கிளைகளின் கனமெல்லாம் காப்பகத்து ஓட்டுக்கூரை மேல்தான் இருந்தது. நான் கையை மட்டும் காட்டினேன். அவர் மதிலோரம் போய் நின்று காது கொடுத்தார்.

"சத்தமே காணோமே. புள்ளைங்க இல்லியா?"

"இந்நேரம் தூங்குங்க" என்றார் ரோசாலி அம்மா.

அவர் திரும்பிச் சாய்வு நாற்காலியைப் பார்த்தார். மரத்தைப் பார்க்கவில்லை.

"அதுங்களும் இதுங்கீழதான் தூங்குதா?" என்றார். பிறகு, "வெட்டிடுங்க" என்றார்.

மழைக்கு முன்னால் மரத்தைத் துண்டு துண்டாக இறக்கினார்கள். தொட்டிகளுக்குப் பின்னால் மஞ்சள் குங்குமத்தைப் பார்த்துவிட்டு, அடிக்கட்டையை மட்டும் விடச் சொன்னவர் ரோசாலி அம்மா. "செல்வியோட சாமி, இருந்துட்டுப் போவட்டும்" என்றாராம்.

தையில் ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அடிக்கட்டையில் காளான்கள் இன்னும் அகலமாக விரிந்திருந்தன, மஞ்சள் குங்குமத்தோடு. இப்போது தொட்டி மறைப்பு இல்லை. பக்கத்தில் ஒரு குடை நட்டு, அதன் நிழலில் நாற்காலி போட்டிருந்தார்கள். வழக்கம்போலப் பழுப்புத் தூள். நான் துணியை எடுத்தேன்.

"தொடைக்காதீங்க" என்றார் ஐயா. "இந்தத் தூளு எதுலேர்ந்து வருதுன்னு சொன்னீங்க?"

"மரத்தத் தின்னுதான் ஐயா காளான் இத உண்டாக்குது."

"அப்ப இது எம்மரந்தான" என்று சொல்லி, தூளின் மேலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால், மரத்தடியில் கிடக்கும் நாற்காலியை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

அன்று நானும் தூளின் மேலேதான் உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்தபோது சேலையெல்லாம் பழுப்பு. தட்டிவிட மனசு வரவில்லை.