முதல் பந்தை விட்ட ஓரகத்தி

சித்திரபுரத்தில் சுருளிவேல் வீட்டு மூத்த மருமகள் செல்வலட்சுமிக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். தேயிலை பேக்டரியில் ஷிப்டு முடிந்து வந்ததும் மாமனாரோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். "ஏ தாயி, அடுத்த ஓவர் யாருக்குக் குடுக்கலாம்?" என்று சுருளிவேல் அவளைத்தான் கேட்பார். மகன்களைக் கேட்கமாட்டார். அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மதிப்பிருந்த இடம் அது ஒன்றுதான்.

போன ஆவணியில் கொழுந்தன் மணிகண்டன் வடகரப்பதியிலிருந்து யோகப்பிரியாவைக் கட்டிக்கொண்டு வந்தான். கோயம்புத்தூரில் கல்லூரி படிக்கும்போது பேஸ்பால் ஆடியவள். அதைக் கேள்விப்பட்ட சுருளிவேல் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அது என்ன ஆட்டம் தாயி, சொல்லு" என்றார். அந்தத் 'தாயி' இன்னொருத்திக்கும் போகும் என்று செல்வலட்சுமி நினைத்ததே இல்லை.

"மூணு நல்ல பந்தை விட்டாலோ, வீசித் தப்பவிட்டாலோ அவுட்டுங்க மாமா. எறியறவ நாலு பந்து தப்பா எறிஞ்சா, அடிக்காமயே, ஓடிப்போய் நிக்கற மொத எடமான மொத பேஸுக்குப் போயிரலாம்."

"அடிக்காம போறதுக்குப் பேரு பேட்டிங்கா?" என்றாள் செல்வலட்சுமி.

"அதுதானுங்க்கா பாதி வேலை. கிரிக்கெட்டுல பந்தைத் தட்டிட்டு ஓடாமயும் நிக்கலாம். எங்களுக்குக் கோட்டுக்குள்ள அடிச்சா ஓடியே தீரோணும். கண்ட பந்தைத் தொட்டா மாட்டிக்குவோம். நமக்கு வாகான பந்து வார வரைக்கும் பொறுக்கோணும். விட்டதும் தப்புனதுமா ரெண்டு ஸ்டிரைக் ஆயிருச்சுன்னா மட்டும், கிட்ட வாரதையெல்லாம் கோட்டுக்கு வெளிய தட்டிவிட்டுத் தப்பிக்கோணும். நான் மொதப் பந்தைப் பெரும்பாலும் தொடமாட்டனுங்க்கா. அவ கை எப்படி வருதுன்னு பாப்பேன்."

"பின்பக்கம் தட்டிவிட்டா?"

"அதுக்கு ரன் கிடையாதுங்க்கா."

"அப்ப நாலு பக்கமும் அடிக்கத் தெரியாதவுக ஆட்டம்."

யோகப்பிரியா சிரித்தாள். சுருளிவேலும் சிரித்தார். யாரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று பிடிபடாமல் செல்வலட்சுமி எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

பொங்கலுக்கு ஊர் கிளப்பில் பெண்கள் கிரிக்கெட். செல்வலட்சுமிதான் எப்போதும் கேப்டன், முதல் பந்தும் அவளுக்குத்தான். இந்த வருஷம் கிளப்காரர்கள், "புதுப்பொண்ணு காலேஜ்ல ஆடினவ, அவளே மொதல்ல ஆடட்டும்" என்றார்கள். செல்வலட்சுமி எதிர் முனையில் போய் நின்றாள். 'பேஸ்பால்ல பின்னால ஸ்டம்ப் கிடையாது, இங்க இருக்கு, பாத்து ஆடு' என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

முதல் பந்து நேராக வந்தது. யோகப்பிரியா பழக்கதோஷத்தில் மட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். நடு ஸ்டம்ப் சாய்ந்தது.

செல்வலட்சுமிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஆனால் யாரும் கேலி செய்யவில்லை. "விடு தாயி, புதுசுல்லா" என்று சுருளிவேல் தன் டீயை யோகப்பிரியாவிடம் நீட்டினார். அதைப் பார்த்த ஆத்திரத்தில் செல்வலட்சுமி விளாசித் தள்ளினாள். அவள் அடித்த ரன்னில்தான் அணி ஜெயித்தது. வீட்டுக்கு வந்தபின் சுருளிவேல் பேசியதெல்லாம், பௌண்டரியிலிருந்து யோகப்பிரியா ஒரே எறியில் ஸ்டம்பைத் தகர்த்ததைப் பற்றித்தான்.

செல்வலட்சுமி பாத்திரங்களை நங்கு நங்கென்று கழுவிக்கொண்டிருந்தபோது யோகப்பிரியா வந்து பக்கத்தில் நின்றாள்.

"ஏனுங்க்கா, அந்தப் பந்தை நான் விட்டிருக்கக் கூடாதுங்களா?"

"பின்ன? குச்சிக்கு நேரா வார பந்தை எவளாவது விடுவாளா? நீ விடுவன்னு எனக்குத் தெரியும்."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்களே."

"வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல."

யோகப்பிரியா முகம் சுருங்கியது. தட்டுகளைத் துடைத்து அடுக்கினாள். பிறகு, "சரி, இப்பச் சொல்லிக் குடுங்க" என்றாள்.

செல்வலட்சுமி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "இடது காலை முன்னால வை. மட்டைக்கும் காலுக்கும் நடுவுல சந்து விடாத" என்று ஆரம்பித்தவள், உலையில் சோறு குழைவதைக்கூடக் கவனிக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு இருவரும் ஜோடியாக இறங்கினார்கள். யோகப்பிரியா முதல் பந்தைக் காலை முன்னால் வைத்துத் தடுத்தாள். அப்புறம் அடிக்க ஆரம்பித்தவள் செல்வலட்சுமியைவிட அதிகம் எடுத்துவிட்டாள். செல்வலட்சுமி எல்லோரோடும் சேர்ந்து கை தட்டினாள். வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க அவளோடு பேசவில்லை. மறுநாள்தான் பேசினாள்.