அஞ்சாவது ஆள்

பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் என்றால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்பதில்லை. ஆண் என்றே வைத்துக்கொள்வார்கள். அதனால் ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் இருக்கும் அந்தக் கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்கள், வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறக்கும் பாண்டிமீனாவைத் தாண்டிப் போய் போர்மேனைத் தேடுவார்கள். அவள் கூப்பிட மாட்டாள். தேடி அலுத்துத் தன்னிடமே வந்து விசாரிக்கட்டும் என்று இருப்பாள். அந்தச் சாக்கில் நாலு வார்த்தை பேசக் கிடைக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குப் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. ஒரே தெருவிலிருந்து ஐந்து பெண்கள் ஒரே வேனில் ஏறி, ஒரே அறையில் உட்கார்ந்து பூச்சட்டிக்கு மருந்து அடைத்தார்கள். மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டகையில் ஐந்து தூக்குச்சட்டியும் ஒரே இடத்தில் திறக்கும். யார் வீட்டுக் குழம்பு யார் வயிற்றில் போனது என்று கணக்கே கிடையாது. பாண்டிமீனாவின் கணவன் முத்துக்கிருஷ்ணன் கோயம்புத்தூரில் பரோட்டா மாஸ்டர். பங்குனியில் அம்மன் கோயில் பொங்கலுக்குத்தான் ஊர்ப்பக்கம் தலைகாட்டுவான். மகன் ஹரிபிரசாத் மதுரையில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். சாயங்காலம் பூட்டைத் திறந்தால் வீட்டுக்குள் காலையில் விட்டுப்போன சத்தம்தான் கிடக்கும். அந்தக் குறையை அந்த அறை தீர்த்துவைத்தது.

அறைச் சுவரில் 'ஆட்கள் 4' என்று பெயின்டில் எழுதியிருந்தது. அவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள். அறைக்கு இரண்டு வாசல். நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்துவிட்டால் ஐந்தாவது ஆளுக்குப் பின்வாசல்தான் இடம். அங்கே சாக்கை விரித்து, தட்டுகளைச் சுற்றி அடுக்கிக்கொண்டு பாண்டிமீனா உட்காருவாள். அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தால் ஐந்தாவது ஆள் தட்டுகளை ஒதுக்கிவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். அதிகாரி கண்ணுக்கு அவள் வாசல் பெருக்குகிறவள். எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தான் என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். அதிகாரி போனதும் ஒரே சிரிப்பாக இருக்கும்.

அப்படி ஒருநாள் விளக்குமாற்றோடு வெளியே நின்றபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். பின்வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த பொன்னுத்தங்கம் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். ஐந்து பேரில் மூத்தவள், முழங்கால் வாதம், எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்க வேண்டும். அதனால்தான் வாசல் பக்கம் இடம். அன்றைக்கு அவள் யாரையும் விலகச் சொல்லாமல், எதையும் தாண்டாமல் நேராக நடந்து வெளியே வந்தாள். தான் இல்லாத வாசல் எவ்வளவு அகலம் என்று பாண்டிமீனாவுக்கு அப்போது தெரிந்தது. மற்ற நாளெல்லாம் அந்த மனுஷியின் காலுக்கு எட்டுகிற ஒரே வழியை அடைத்துக்கொண்டு, அவளோடேயே சிரித்துப் பேசிக்கொண்டு இருந்தது தான்தான் என்பதும்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. தீபாவளி முடிந்து கம்பெனி பூட்டிக் கிடந்த நாட்களில் சிவகாசிக்குப் போய் போர்மேன் பயிற்சியில் சேர்ந்தாள்.

கடைசி நாளில் பயிற்சி கொடுத்தவர் ஒவ்வொருவரையும் எழுப்பி, வாழ்க்கையில் உங்கள் லட்சியம் என்ன என்று கேட்டார். மாடி வீடு என்றார் ஒருவர். மகளை டாக்டர் ஆக்க வேண்டும் என்றார் இன்னொருவர். பாண்டிமீனாவின் முறை வந்தது.

"எங்க ரூம்ல அஞ்சாவது ஆளு இருக்கக்கூடாது சார்."

வகுப்பே சிரித்தது. "லட்சியம்னா கொஞ்சம் பெருசா இருக்கணும்மா" என்றார் அவர்.

"இதுவே பெருசுதான் சார். நீங்க எங்க சீசனப் பாத்ததில்ல."

அவள் போர்மேன் ஆன அன்றே அந்த அறையில் நாலு பேர் ஆனார்கள். ஐந்திலிருந்து கழிந்தது அவள்தான். போர்மேன் என்றாலும் உள்ளே கால் வைத்தால் ஓர் ஆள்தானே. அவள் சோதிக்கப் போனால் ஒருத்தி வெளியே வர வேண்டும். முதலில் அது விளையாட்டாக இருந்தது. "ஏ, போர்மேன் வாராக. எந்திரிங்கடி ஒருத்தி" என்று பொன்னுத்தங்கம்தான் குரல் கொடுப்பாள். மத்தியானம் கொட்டகையில் ஐந்து தூக்குச்சட்டியும் பழையபடி திறந்தன.

இந்த வருடம் புரட்டாசியில் அது நின்றது.

பொன்னுத்தங்கத்தின் மகள் ஐஸ்வர்யாவை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஆவணியில் ஒரு பையோடு வந்து இறங்கியவள் ஏன் வந்தாள் என்று வாயைத் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. அவளை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்கு வரத் தாய் பயந்தாள். ஒருநாள் காலையில் கையோடு கூட்டிவந்துவிட்டாள்.

"எம்பக்கத்துல உக்காத்தி வச்சுக்கிடுறேன் மீனா. அவ பாட்டுக்கு இருப்பா."

"எங்கன உக்காருவா மதினி?"

"நீ உக்காந்த எடத்துலதான். பின்வாசல்ல."

பாண்டிமீனா பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் மேனேஜர் ஹரிஷ்குமார் வந்துவிட்டான். முதலாளிக்கு அக்காள் மகன், சின்ன வயசு, சீசன் வந்தால் செல்போனும் கையுமாகக் கேட்டுக்கும் ஆபீசுக்கும் நடந்துகொண்டே இருப்பான்.

"என்னக்கா, ஒரு ஆளுதான? லோடு வேற நிக்கி."

"ஒரு ஆளுதான் சார். நாலுக்கு மேல ஒரு ஆளு."

"நீங்களே அங்கன அஞ்சாவதா உக்காந்தவுகதான?"

"உக்காந்தேன். அதான் தெரியும்."

கடைசி வரிசை அறையில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. தாயும் மகளும் சேர்ந்தே அங்கே போகட்டும் என்றாள். தான் இல்லாமல் போனாலும் நாலாக மிஞ்சியிருந்த வட்டத்தைத் தன் வாயாலேயே உடைக்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாள்.

பொன்னுத்தங்கம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எம்புட்டு வருசமா உக்காந்த எடம். அதவிட்டு என்னையக் கெளப்புற. போர்மேன் ஆனதும் எங்க மூச்சுக்காத்துகூட ஒனக்குக் கூடுதலாத் தெரியுதோ?"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண்கள் தீ என்ற சொல்லைக் கம்பெனிக்குள் வாயில் எடுப்பதில்லை. வெத்தலையில் சுண்ணாம்பு கூடினால்கூட 'எரியுது' என்று சொல்லாமல் 'உறைக்குது' என்பார்கள். அப்படியிருக்க, ஒன்று ஆகிவிட்டால் உன் காலுக்கு நீதான் கடைசியில் வருவாய் என்று முகத்துக்கு நேரே சொல்வது அச்சானியம், கெட்ட சகுனம். அதுவும் அப்படி நிற்கிற மகளை வைத்துக்கொண்டு.

தாயும் மகளும் கடைசி அறைக்குப் போனார்கள். மத்தியானம் கொட்டகையில் பாண்டிமீனா உட்காரும் இடத்தில் யாரோ கால் நீட்டியிருந்தார்கள், மடக்கவில்லை. சாயங்காலம் வேனில் பொன்னுத்தங்கத்தின் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பை இருந்தது. பக்கத்தில் போய் நின்றாள். பை நகரவில்லை. முன்னால் போய் டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளிலிருந்து அதுவே அவள் இடம், மத்தியானத்துக்கு வேப்பமரம். ஒருநாள் முட்டை பொரித்து, பழைய ஞாபகத்தில் ஐந்து பேருக்கு ஆகிறமாதிரி கொண்டுவந்துவிட்டாள். சாயங்காலம் அப்படியே திரும்பக் கொண்டுபோனாள்.

தீபாவளிக்கு முந்தின கடைசி லோடு. புரட்டாசி வெயில் போக மாட்டேன் என்று ஐப்பசியிலும் நின்றது. பாண்டிமீனா கடைசி வரிசைக்கு நடந்து வரும்போதே ஹரிஷ்குமாரின் குரல் கேட்டது. புதிதாக வந்த ஒரு பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தியிருந்தான்.

"ரெண்டு நாளுக்கு மட்டும் இங்கன உக்காரட்டும். போர்மேன் அக்காகிட்ட நான் சொல்லிக்கிடுறேன்."

"எங்கன உக்காருவா?" பொன்னுத்தங்கத்தின் குரல்.

"அந்தா, அந்த வாசல்ல."

உள்ளே ஒரு தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அது எம்மக எந்திரிச்சு வார வாசலு. அதுல ஆளை உக்காத்தாதீக. இங்கன நாலு ஆச்சு."

"ஒரு போர்மேன் பத்தாதுன்னு இது ஒண்ணு" என்று முனகிக்கொண்டே அவன் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனான்.

பாண்டிமீனா வாசலில் நின்றுவிட்டாள். பொன்னுத்தங்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பாக்குற? ஒனக்காகச் சொல்லல. எம்மக உள்ள இருக்கா."

"தெரியும் மதினி."

அன்றைக்கு நான் சொன்னபோது அறைக்குள்ளே இருந்தது நீங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அதற்குள் ஐஸ்வர்யா எழுந்து, உடம்பிலிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டை வழக்கம்போலத் தொட்டுவிட்டு வெளியே வந்தாள்.

"உள்ள போங்க அத்தை. பாக்கணும்ல."

வேலைக்கு வந்ததிலிருந்து அந்தப் பெண் அவளிடம் பேசியது அதுதான் முதல். பாண்டிமீனா தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். மருந்துத் தட்டு, தண்ணீர் வாளி, இரண்டு வாசல் எல்லாவற்றையும் பார்த்தாள். பொன்னுத்தங்கம் தலையைக் குனிந்து மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். பார்க்க வேண்டியது முடிந்ததும் இருக்க அங்கே காரணம் எதுவும் இல்லை. வெளியே வந்து ஐஸ்வர்யாவை உள்ளே அனுப்பினாள்.

சாயங்காலம் வேனில் நிற்க இடம் இல்லை. இருந்தும் அந்த சீட்டில் பை இருந்தது. பாண்டிமீனா முன்னால் போய் இன்ஜின் மூடியில் உட்கார்ந்தாள். டிரைவர் ஆரோக்கியம் கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன போர்மேனு, இங்கன அளவுக்கு மேல எம்புட்டுப் பேரு இருக்காக பாத்தீகளா? யார எறக்குறது?"

"என்னையத்தான் எறக்கணும். ஊரு வரட்டும்."

பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள். பை பொன்னுத்தங்கத்தின் மடிக்கு மாறியிருந்தது. காலியான இடத்தில் சரிந்து ஐஸ்வர்யா பையின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள். மகளின் முகத்தில் வெயில் படாமல் பொன்னுத்தங்கம் கையை மறைத்துப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை வீடு வரைக்கும் இறங்காது என்று பாண்டிமீனாவுக்குத் தெரியும். அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.