அம்மாவுக்கு நான் வைத்த பரீட்சை

மாடி வீட்டிலிருந்து "பெயின்!" என்று ஒரு குழந்தையின் குரல் கேட்டது. "பெயின்ஃபுல், பெயின்லெஸ்" என்று நர்ஸ் வேலை பார்க்கும் அதன் தாய் பதில் சொன்னாள். நான் தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, எங்கள் தக்கலை வீட்டு அடுக்களையிலும் இதே விளையாட்டு நடந்தது. நர்ஸ் வேலை முடிந்து வந்து அம்மா சாளை மீன் கழுவுவாள். நான் பலகையில் உட்கார்ந்து ஆங்கிலச் சொல் ஒன்றைச் சொல்வேன். அவள் அதன் முன்னாலோ பின்னாலோ ஒட்டுப்போட்டுப் புதுச்சொல் ஆக்குவாள். தப்பானால், "ஏட்டி, இன்னொருக்க கேளு" என்பாள். எல்லாம் சரியானால் நான் கை தட்டுவேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, அப்பா பெரிய பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அம்மா புதுச்சேலையில் நின்றாள்.

"எங்கம்மா போற?"

"மஸ்கட்டுக்கு, ஆஸ்பத்திரி வேலைக்கு, மக்களே. இங்கிலீஷ் பரீட்சை பாஸாயிட்டேன்லா. எல்லாம் நீ படிப்பிச்சு தந்ததுதான்."

விளையாட்டு என்றல்லவா நினைத்திருந்தேன்! அழுவேன் என்று பயந்து, பாவிகள், ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

தோசை கருகும் வாடை வந்தது. மாடியில் அந்தக் குழந்தை, "அம்மா, எல்லாமே கரெக்ட்டு!" என்று கத்திக் கை தட்டியது.